அப்பாவுக்கும் நின்றது, அம்மாவுக்கும் நின்றது: பிஎம் கிசான் பணத்தை எங்கே போய்க் கேட்பது?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமம். நான் ஓசூரில் வேலை பார்க்கிறேன். அப்பாவுக்கு 66 வயது. தாத்தா வழி நிலம் இரண்டரைக் காணியில் நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) போடுகிறார். 2019 முதல் மத்திய அரசின் பிஎம் கிசான் உழவர் உதவித்தொகை 2,000 ரூபாய் ஒழுங்காக வந்தது. 2022 மே மாதத்தோடு நின்றுவிட்டது. வங்கியில் கேட்டால் வேளாண்மை அலுவலகம் போகச் சொல்கிறார்கள், அங்கே போனால் விஏஓவைப் பார்க்கச் சொல்கிறார்கள். பட்டா இன்னும் 2011-ல் இறந்துபோன தாத்தா பெயரில்தான் இருக்கிறது. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்து ஆளுக்கு இரண்டரைக் காணி ஓட்டுகிறார்கள். இரண்டு அத்தைகள் உண்டு. பெரியப்பா காலமாகிவிட்டார், அவர் பிள்ளைகளோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர் 3,000 ரூபாய் கொடுத்தால் நிலுவை 20,000-த்தையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? அண்ணன் பெங்களூரில் வருமான வரி கட்டுகிறார், அதனால் நிறுத்திவிட்டார்களா? இன்னொன்று: பாட்டி 2014-ல் அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த 70 சென்ட் நிலத்துக்குத் தனியாகப் பணம் வந்துகொண்டிருந்தது. அதுவும் 2025 ஆகஸ்ட் தவணையில் இருந்து வரவில்லை. பிஎம் கிசான் இணையதளத்தில் இரண்டு பேர் ஸ்டேட்டஸ் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, ஓசூர்

பதில்: ஓய்வுபெற்ற வேளாண்மை உதவி இயக்குநர் ஒருவர்

வணக்கம். உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயம் 'இன்னொன்று' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அதைப் படிக்கும் வரை இது பட்டா பிரச்சினை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படித்த பிறகு, உங்களுக்குச் சந்தோஷம் தராத ஒரு பதிலை எழுத வேண்டியிருக்கிறதே என்று ஒரு டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பிஎம் கிசான் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு கணக்கு. நிலம் எத்தனை பேர் பெயரில் இருந்தாலும், 70 சென்ட் இருந்தாலும் ஏழு ஏக்கர் இருந்தாலும், அந்தக் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய். நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம் மூன்று தவணை. அப்பா நிலத்துக்கு ஒன்று, அம்மா நிலத்துக்கு ஒன்று என்று இரண்டு வாங்க விதியில் இடமில்லை. உங்கள் வீட்டில் 2019-ல் இருவரையும் யாரோ பதிந்துவிட்டிருக்கிறார்கள். அதில் உங்கள் பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன். 2019 பிப்ரவரி 1-ம் தேதி இடைக்கால பட்ஜெட்டில் திட்டத்தை அறிவித்தார்கள், பிப்ரவரி 24-ம் தேதி கோரக்பூரில் முதல் தவணையையே விட்டார்கள். நடுவில் இருந்தது மூன்றே வாரம். நாங்கள் ராத்திரி பகலாகச் சிட்டா நகலையும் ஆதார் நகலையும் வாங்கிக் குவித்தோம். யார் யாருக்குக் கணவன், யார் யாருக்கு மனைவி என்று பார்க்க அன்றைக்கு யாருக்கும் நேரமில்லை.

இப்போது உங்கள் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு 12-வது தவணையில் இருந்து 2025 நவம்பர் 19-ம் தேதி கோவையில் விட்ட 21-வது தவணை வரை பத்துத் தவணை வரவில்லை. 20,000 ரூபாய் நிலுவை என்று உங்கள் கம்ப்யூட்டர் சென்டர்காரர் சொல்வது பெருக்கலாகச் சரி. ஆனால் அதே காலத்தில் 19-வது தவணை வரை அம்மாவுக்குப் பணம் வந்திருக்கிறது. அதாவது உங்கள் குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்துகொண்டுதான் இருந்தது. உண்மையில் வராமல் நிற்பது அம்மாவின் 20-வது, 21-வது தவணைகள், மொத்தம் 4,000 ரூபாய். இந்த நாலாயிரத்துக்கு மூவாயிரம் தரகு கேட்கிறார் அவர். கொடுக்காதீர்கள். அவரால் கணினியில் செய்ய முடிந்த எதையும் நீங்கள் ஓசூரில் இருந்தே கைபேசியில் செய்யலாம். மற்றதை மாநில அரசு அலுவலர்கள் களத்தில் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் நகரும். 'உள்ளே ஆள்' என்பதெல்லாம், தானாகச் சரியாகிவிடுகிற பத்துப் பேரில் நாலு பேரிடம் காசு வாங்கிக்கொள்கிற பழைய வியாபாரம்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். படத்தைப் பார்க்காமலேயே கூட, பணம் நின்ற மாதத்தை வைத்துக் காரணத்தை ஓரளவு சொல்லிவிடலாம். 12-வது தவணையில் இருந்து நில ஆவணத்தோடு பெயர் பொருந்த வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கினார்கள். 'லேண்ட் சீடிங்' என்று இருக்கிறதே, அதுதான் இது. 13-வதில் இருந்து ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே பணம். 15-வதில் இருந்து இ-கேஒய்சி, அதாவது இணையவழி அடையாளச் சரிபார்ப்பு, கட்டாயம். 2022 மே மாத இறுதியில் வந்தது 11-வது தவணை. அதோடு நின்றவர்கள் பெரும்பாலும் பட்டாவில் பெயர் இல்லாதவர்கள். அப்பாவின் பக்கத்தில் லேண்ட் சீடிங்குக்கு நேரே 'நோ' என்று இருப்பதும் அதையேதான் சொல்கிறது. வங்கிக்கு நடந்ததெல்லாம் வீண் நடை. வங்கிக்காரருக்கு அந்தப் பக்கத்தில் எதையும் மாற்றுகிற அதிகாரம் இல்லை.

அம்மாவின் பக்கத்தில் மூன்றும் 'எஸ்' என்றே இருக்கிறது. பட்டா அவர் பெயரில், அதுவும் 2014-ல் இருந்து. ஆதார் சரி, இ-கேஒய்சி சரி. இருந்தும் பணம் நிற்கிறது என்றால் ஒரே ஊகம்தான் வருகிறது. 2025-ல் மத்திய வேளாண் அமைச்சகம் இரண்டு வகைப் பதிவுகளைச் சந்தேகப் பட்டியலில் வைத்து, நேரில் சரிபார்க்கும் வரை பணத்தை நிறுத்தியது. 2019 பிப்ரவரி 1-ம் தேதிக்குப் பிறகு நிலத்துக்கு உரிமையாளர் ஆனவர்கள் ஒரு வகை. ஒரே குடும்பத்தில் கணவனும் மனைவியும் பதிந்திருப்பவர்கள், பெரியவரும் மைனர் பிள்ளையும் பதிந்திருப்பவர்கள் இன்னொரு வகை. அம்மா இரண்டாவது வகையில் மாட்டியிருக்கிறார். அப்பாவுக்குப் பணம் வராவிட்டாலும் அவருடைய பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறது அல்லவா? கணினிக்கு அது போதும்.

இந்தச் சந்தேகம் எல்லாம் நம் பக்கத்து மாவட்டங்களில் ஏன் கொஞ்சம் கூடுதல் கெடுபிடியோடு பார்க்கப்படுகிறது என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2020-ல், கொரோனா காலத்தில், விவசாயிகளே ஆன்லைனில் பதிந்துகொள்ளலாம் என்றிருந்த வசதியைப் பயன்படுத்தி, தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் ஏற்றப்பட்டார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போய்விட்டது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை எல்லாம் அதில் அடிபட்ட பெயர்கள். அலுவலர்களுடைய கடவுச்சொல்லைத் தரகர்களும் கணினி மையக்காரர்களும் வைத்து விளையாடியிருந்தார்கள். சிபிசிஐடி விசாரித்தது, பலருக்கு வேலை போனது. பிறகு ஊர் ஊராகப் போய் 2,000-மும் 4,000-முமாக அந்தப் பணத்தைத் திரும்ப வசூலித்தோம். வட மாவட்டம் ஒன்றில் நானும் அந்த வேலையில் இருந்தேன். 'கொரோனா உதவி' என்று சொல்லி யாரோ ஆதார் நகல் வாங்கிப்போனார்கள், பாதியை அவர்களே எடுத்துக்கொண்டார்கள், இப்போது முழுசையும் நாங்கள் கட்ட வேண்டுமா என்று ஒரு பாட்டி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் உங்கள் பகுதி அலுவலர் எதற்கும் உடனே கையெழுத்துப் போடத் தயங்குகிறார். சூடு கண்ட பூனை.

சரி, என்ன செய்வது?

எவருடைய பதிவு நிலைக்க வேண்டும் என்பதை வீட்டில் முதலில் முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால் அம்மாவுடையது. காகிதம் சுத்தமாக இருக்கிறது, தேதியும் 2019-க்கு முந்தையது. அப்பாவுடையதைப் பிடித்துக்கொண்டு நின்றால், பட்டா மாறி, லேண்ட் சீடிங் ஏறி, பிறகு சரிபார்ப்பு முடிந்து பணம் வருவதற்குள் எத்தனை தவணை போகுமோ. அப்பாவுக்கு இது கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஐம்பது வருஷமாக ஏர் பிடித்தவர் தான், அரசாங்கத்தின் கணக்கில் விவசாயி தன் சம்சாரமா என்று நினைப்பார். நல்ல நேரம் பார்த்துச் சொல்லுங்கள்.

முடிவானதும், உங்கள் வட்டாரத்தின் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு பக்கத்தில் மனு எழுதுங்கள். கணவன், மனைவி இருவரும் ஒரே குடும்பம், 2019-ல் தெரியாமல் இருவர் பெயரும் பதிவாகிவிட்டது, மனைவியின் பதிவைத் தொடரவும் கணவரின் பதிவை நீக்கவும் சம்மதம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பதிவு எண், ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், அம்மாவின் சிட்டா, பாட்டி எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தின் நகல் சேர்த்துக் கொடுங்கள். கொடுத்ததற்கு இன்னொரு நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். அந்த முத்திரை இல்லாத மனு, கொடுக்காத மனுதான். உங்கள் ஊருக்குப் பொறுப்பான உதவி வேளாண்மை அலுவலர் யார் என்று கேட்டு அவரையும் பாருங்கள். களத்தில் சரிபார்ப்பது அநேகமாக அவர்தான்.

பிஎம் கிசான் இணையதளத்தில் 'தானாக விட்டுக்கொடுத்தல்' என்று ஒரு வழி இருக்கிறது. ஓடிபி போட்டால் ஐந்து நிமிஷத்தில் அப்பாவின் பதிவை நீங்களே கைவிட்டுவிடலாம். அதை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம் என்பேன். ஒருமுறை விட்டுக்கொடுத்தவர் பிறகு அந்தத் திட்டத்துக்குள் திரும்பி வருவது கிட்டத்தட்ட அடைத்த கதவு. நாளைக்கு அம்மாவின் பதிவில் வேறு ஏதாவது சிக்கல் வந்தால் இரண்டும் இல்லாமல் நிற்பீர்கள். அம்மாவின் சரிபார்ப்பு முடிந்து பணம் ஒருமுறை வந்து விழட்டும். அப்புறமும் அலுவலகத்தில் நீக்கவில்லை என்றால் அப்போது அழுத்துங்கள்.

நிபந்தனைகளை முடித்தவர்களுக்கு நிலுவைத் தவணை இருந்தால் சேர்த்துத் தருவோம் என்று மத்திய அரசு சொல்லியிருக்கிறது. ஆகவே அம்மாவின் 4,000 வர வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. 'பழையதை அழித்துவிட்டுப் புதிதாகப் பதிவோம்' என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் தலையாட்டாதீர்கள். புதிய பதிவுக்குப் பழைய நிலுவை கிடையாது.

வரும் பணம் எந்தக் கணக்கில் விழும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019-ல் எழுதிக்கொடுத்த கணக்கு எண் இப்போது செல்லாது. அம்மாவின் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். மகளிர் உரிமைத் தொகைக்காகவோ நூறு நாள் வேலைக்காகவோ வேறு கணக்கு திறந்திருந்தால் அந்தப் பாஸ்புக்கையும் ஒருமுறை பதிந்து பாருங்கள். பணம் வரவில்லை என்று ஒன்றரை வருஷம் என்னிடம் சண்டை போட்ட ஒருவருக்கு, முழுத்தொகையும் அஞ்சலக வங்கிக் கணக்கில் பத்திரமாகக் கிடந்தது. தபால்காரர் வீட்டுக்கே வந்து திறந்த கணக்கு, கணக்குக்காரரே மறந்துவிட்டார்.

இனி, கேட்க விரும்பாத கேள்வி ஒன்று. 2022 மே வரை இருவருக்கும் வந்ததே, அது? எல்லாத் தவணையும் வந்திருந்தால் அப்பாவின் பெயரில் 11 தவணை, 22,000 ரூபாய். விதிப்படி அது தகுதியில்லாமல் வாங்கிய பணம், அரசு திரும்பக் கேட்கலாம். கேட்கத்தான் செய்வார்கள் என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் மனுவில் அதை மறைத்து எழுத வேண்டாம். இரண்டு பதிவும் ஒரே ரேஷன் கார்டில் கணினி முன்னால் கிடக்கின்றன, மறைத்துப் பிரயோசனம் இல்லை. சரிபார்க்க வருபவரிடம் 'திருப்பிக் கட்டச் சொன்னால் கட்டுகிறோம், எழுத்தில் கொடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். கட்டுவதாக இருந்தால் இணையதளத்தில் உள்ள வழியிலோ அலுவலகம் எழுத்தில் சொல்லும் அரசுக் கணக்கிலோ மட்டும் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், அவர் அடையாள அட்டை மாட்டியிருந்தாலும்.

அண்ணன் விஷயம் ஒரு வரியில் முடியும். வயது வந்த மகன் தனிக் குடும்பம். அவர் வருமான வரி கட்டுவதற்கும் பெற்றோரின் தகுதிக்கும் சம்பந்தமில்லை. நாளைக்கு நிலம் அவர் பெயருக்கு வந்தால் அவருக்குக் கிடைக்காது, அவ்வளவுதான்.

அப்படியானால் அப்பாவின் பட்டாவை விட்டுவிடலாமா? இங்கேதான் நீங்கள் சோர்ந்துவிடக் கூடாது. இந்த 2,000 ரூபாய்க்காக இல்லாவிட்டாலும் அந்தப் பட்டாவை மாற்றியே ஆக வேண்டும். சொல்லப்போனால் பிஎம் கிசான் உங்கள் வீட்டுக்குச் செய்த பெரிய உபகாரம், பதினான்கு வருஷமாகத் தூங்கிய அந்த வேலையைத் தட்டி எழுப்பியதுதான்.

தாத்தா பெயரில் பட்டா இருக்கும் வரை அப்பா காகிதத்தில் விவசாயியே இல்லை. 2025 தொடக்கத்தில் இருந்து ஊர் ஊராக முகாம் போட்டு விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கிறார்களே, அது பட்டாவில் இருக்கும் பெயரையும் ஆதாரையும் இணைத்துக் கொடுப்பது. இறந்தவர் பெயரோடு எந்த ஆதாரை இணைப்பார்கள்? வருங்காலத்தில் மானியம் எல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் என்று திட்டமிட்டு நகர்கிறார்கள். (அம்மாவுக்கு இதை வாங்கியாகிவிட்டதா என்று பாருங்கள். காசு கிடையாது.) சொட்டுநீர், தெளிப்புநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். மல்லாட்டைக்குத் தெளிப்புநீர் போட்டால் இரண்டரைக் காணிக்கு மிச்சமாவது சின்னத் தொகையாக இருக்காது. அதற்கு வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று வேண்டும்; அதற்குப் பட்டா வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் கெடு தவறாமல் கட்டினால் வட்டியில்லாத பயிர்க்கடன் கிடைக்கிறது. வெள்ளத்தில் பயிர் போனால் காப்பீடு, நிவாரணம். எல்லாவற்றுக்கும் முதல் காகிதம் அதே சிட்டாதான். விஏஓ தெரிந்தவராக இருக்கும் வரை அவர் தரும் அடங்கலை (பயிர்க் கணக்கு) வைத்துச் சமாளிப்பீர்கள். அவர் மாற்றலாகிப் போனதும் அப்பா யாரோ எவரோ.

இதில் உங்கள் அப்பாவைத் தடுத்து வைத்திருப்பது பயம் என்று நினைக்கிறேன். அத்தைகளைக் கூப்பிட்டால் பங்கு கேட்பார்களோ, பெரியப்பா மகன்கள் கையெழுத்துப் போட மாட்டார்களோ என்ற பயம். எனக்குத் தெரிந்து பாதிப் பட்டாக்கள் இறந்தவர் பெயரில் கிடப்பதற்கு இதுதான் காரணம், சோம்பல் அல்ல.

இதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் வாரிசு அடிப்படையில் கூட்டுப் பட்டா. தாத்தாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பெரியப்பாவின் இறப்புச் சான்று, அவருடைய வாரிசுச் சான்று. இவற்றோடு இ-சேவை மையத்தில் உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். தாத்தா பெயர் போய், எல்லா வாரிசுகள் பெயரும் ஏறும். இதற்கு யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதால், யாருடைய விடுதலைப் பத்திரமும் வேண்டாம். வாரிசுகளில் ஒருவர் விண்ணப்பித்தால் போதும். பெரியப்பா பிள்ளைகளோடு பேச்சு இல்லாவிட்டாலும் இது நடக்கும். அவர்கள் பெயரும் சேர்ந்தே வருவதால் ஆட்சேபிக்கவும் அவர்களுக்குக் காரணம் இராது. நடுவில் பெரியப்பாவின் வாரிசுச் சான்று மட்டும் அவர்கள் கையில் இருக்கும். யாராவது ஒரு பெரிய மனிதரை நடுவில் வைத்து ஒரு நகல் வாங்கப் பாருங்கள்.

அத்தைகள் பெயரும் அதில் வரத்தான் செய்யும். வாரிசுச் சான்றில் அவர்களை விட்டுவிட்டு வாங்கலாம் என்று ஊரில் யாராவது அப்பாவுக்கு யோசனை சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள். பொய்ச் சான்று பிறகு ரத்தானால் அதன் மேல் கட்டியதெல்லாம் சரியும். தாத்தா சுயமாகச் சம்பாதித்த நிலமாக இருந்து, உயில் எழுதாமல் இறந்திருந்தால், மகள்களுக்கும் சம பங்கு என்பது 1956-ம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் பெண்களுக்குப் பங்கு என்று தமிழ்நாடு 1989-ல் திருத்தம் கொண்டுவந்தது, 2005-ல் நாடு முழுவதற்கும் ஆனது. பட்டாவில் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அத்தைகளின் உரிமை இருந்தபடியேதான் இருக்கிறது. அவர்கள் வேண்டாம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வைக்கு உச்சவரம்பு உண்டு, கிரயம் மாதிரி ஆகாது. வேண்டும் என்றால், அது அவர்கள் பங்கு. கல்யாணத்துக்குச் செய்தோம், சீர் செய்தோம் என்ற கணக்கை நான் எத்தனையோ திண்ணைகளில் கேட்டிருக்கிறேன். வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தக் கணக்கைக் கேட்க ஆளில்லை.

இரண்டாவது வேலை பாகப்பிரிவினைப் பத்திரம், அதன் மேல் உட்பிரிவு, சர்வேயர் வந்து அளந்து கல் போட்டு, அவரவருக்குத் தனிப்பட்டா. இதற்கு எல்லோரும் ஒத்துவர வேண்டும், காலமும் ஆகும். இதற்காக முதல் வேலையை நிறுத்திவைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சுலபமாக இருக்கும் என்று சித்தப்பா அப்பாவுக்கு எழுதிக்கொடுப்பது, அப்பா சித்தப்பாவுக்கு எழுதிக்கொடுப்பது என்று கிரயமாகவோ தானமாகவோ பத்திரம் போடாதீர்கள். 2019 பிப்ரவரி 1-க்குப் பிறகு கைமாறிய நிலம் என்று பதிவாகும். அந்தத் தேதிக்குப் பிறகு வந்த உரிமையில், உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்ததற்கு மட்டும்தான் பிஎம் கிசானில் விலக்கு உண்டு. உங்கள் அப்பாவுக்கு இனி இது தேவைப்படாமல் போகலாம். சித்தப்பாவுக்கும் பெரியப்பா பிள்ளைகளுக்கும் தேவைப்படும். அவர்களுடைய பணமும் இதே காரணத்தால் நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது, விசாரித்துப் பாருங்கள். நின்றிருந்தால், பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகளைக் கூட்டுப் பட்டாவுக்குச் சம்மதிக்க வைக்க இதைவிட நல்ல காரணம் உங்களுக்குக் கிடைக்காது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், என் மன ஆறுதலுக்காக. அந்த ஊரில் குத்தகைக்கு ஓட்டுபவர்கள் சிலர் இருப்பார்கள். கோயில் நிலம் பயிரிடுபவர்களும் இருக்கலாம். அவர்களில் யாருக்கும் இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாய் கிடையாது, ஏனென்றால் பட்டாதாரர்தான் இதில் விவசாயி. ஒடிசாவில் 2018 கடைசியில் காலியா என்று ஒரு திட்டம் போட்டபோது பங்கு விவசாயியையும் நிலமில்லாதவரையும் அதில் சேர்த்தார்கள். செய்ய முடியாத காரியம் இல்லை அது. முப்பது வருஷம் விரிவாக்கப் பணியில் இருந்தவன் என்ற முறையில், சேற்றில் இறங்குகிறவனுக்குப் போகாத உழவர் உதவித்தொகையை எனக்கு ஜீரணிக்க முடியவில்லை. சரி, அது வேறு பஞ்சாயத்து.

கடைசியாக, அம்மா அப்பாவின் கைபேசிகளை வாங்கி ஒருமுறை பாருங்கள். 'பிஎம் கிசான்' என்ற பெயரில் வாட்ஸாப்பில் ஏபிகே கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) ஒன்று சுற்றுகிறது. நிறுவினால் குறுஞ்செய்தி, ஓடிபி எல்லாம் திருடன் கைக்குப் போய்க் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். தவணை நின்றுபோன வீடுகள்தான் ஆசையில் அதைத் தொடுகின்றன. தொட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துச் சொல்லிவிட்டு வங்கிக்கும் சொல்லுங்கள். திட்டம் பற்றிய சந்தேகத்துக்கு 155261 என்ற எண் இருக்கிறது. பொறுமையாகப் பிடித்தால் பதில் கிடைக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள் என்று நினைக்கிறேன். பொங்கல் விடுமுறையில் அலுவலகம் மூடியிருக்கும், அதனால் இரண்டு நாள் முன்னதாகவே விடுப்பு போட்டுவிட்டுப் போங்கள். முதல் நாள் வேளாண்மை அலுவலகத்தில் அம்மாவின் மனு, மறுநாள் இ-சேவையில் தாத்தாவின் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம். காணும் பொங்கலன்று அத்தைகள் வீட்டுக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டாவில் பெயர் ஏறப்போகிறது என்பதை வேறு யாரோ சொல்லி அவர்கள் தெரிந்துகொள்வதற்கு முன்னால், அப்பா வாயால் கேட்கட்டும்.